இடது பக்கம் முனகுது

தீபாவளி முடிந்த மறுவாரம் நான் தவறாமல் செய்யும் வேலை ஒன்று உண்டு. அக்காவின் நாற்காலிச் சக்கரத்தில் சுற்றிய நூலை எடுப்பது. பின்னால் இருக்கும் பெரிய சக்கரங்கள் நூலைச் சீண்டுவதில்லை. முன்னால் சுழலும் சின்னச் சக்கரங்கள் இரண்டும்தான் நூல் தின்னும். பாட்டரியோடு எழுபது கிலோவுக்கு மேல் கனக்கும் நாற்காலியைச் சாய்க்க முடியாது. முன்பக்கத்தைத் தூக்கி அடியில் பலகைக் கட்டையைக் கொடுத்துவிட்டு, தரையில் பழைய சாரோங்கை விரித்து உட்கார வேண்டும்.

அச்சாணியின் இரண்டு பக்கமும் நூல் சுற்றிச் சுற்றி இறுகி, கறுப்பு மெழுகில் செய்த வளையம்போல் இருக்கும். பிளேடால் குறுக்கே கீறி, கொக்கி ஊசியால் நெம்பினால் பிளந்து வரும். வெளியே அழுக்கு, உள்ளே நிறம். மேல் அடுக்கில் மயில் கழுத்து நீலம், அதற்கடியில் அரக்கு, அதற்கும் அடியில் மாம்பழ மஞ்சள், இடையிடையே தலைமுடி. அக்கா பக்கத்துப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து எட்டிப் பார்ப்பாள்.

"அந்த மஞ்சள் மாசாய் பொண்ணு நிச்சயதார்த்த ரவிக்கை. மூணு தடவ பிரிச்சுத் தச்சேன். கூலியில அம்பது காசு கொறச்சிட்டுப் போனா."

அந்த ஐம்பது காசும் சக்கரத்தில்தான் சுற்றிக்கிடந்தது. நூல் இறுகினால் பேரிங்குக்குள் தூசி போகும், எண்ணெய் காயும், சக்கரம் சுற்றுவதற்குப் பதில் இழுபடும். அதை இழுக்க மோட்டார் கூடுதலாக உழைக்கும். உழைத்தால் பாட்டரி சீக்கிரம் இறங்கும். "முன்ன மாதிரி ஓட மாட்டேங்குது, பாட்டரி போயிருச்சு" என்று அக்கா சொன்ன பல தடவைகளில் போனது பாட்டரி இல்லை. ஒரு பிளேடும் கொக்கி ஊசியும், மிஞ்சிப்போனால் 608 என்று எண் பொறித்த இரண்டு பேரிங்கும் போதும். எண்ணைச் சொன்னால் எந்த பேரிங் கடையிலும் எடுத்துத் தருவான். சறுக்குப் பலகையிலும் அதே பேரிங்தான் என்று கடைப்பையன் ஒருநாள் சொன்னான். அக்காவிடம் சொன்னபோது அவளுக்கு ஒரே சந்தோஷம்.

மலேசியாவில் ஜொகூர் பாருவின் தாமான் ஜொகூர் ஜெயாவில் எங்கள் வரிசை வீட்டின் முன்கூடம்தான் அக்காவின் தையல் கடை. பெயர்ப் பலகை கிடையாது. ஐப்பசி பிறந்தால் கூடத்தில் கால் வைக்க இடமிருக்காது. வெட்டிய நூலைத் தரையில் போடாதே, டப்பாவில் போடு என்று எத்தனையோ தரம் சொல்லிவிட்டேன். டப்பா இன்றைக்கும் சுத்தமாக இருக்கிறது.

நான் பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவு டெக்னீஷியனாக இருந்தேன். முப்பது வருஷத்துக்கு மேல் மோட்டார், ரிலே, சென்சர் என்று ஓடிவிட்டது. இயந்திரம் நின்றால் முதலில் மீட்டரை எடு, பிறகு வாயைத் திற என்று பழக்கப்பட்டவன். அந்தப் பழக்கத்தால் ஒரு தடவை அடிபட்டேன். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அக்காவைப் பற்றிச் சொல்லாமல் அது விளங்காது.

அவள் 1961இல் கூலாய் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். மூன்று வயதில் காய்ச்சல் கண்டது. தோட்டத்து டிரெசர் கொடுத்த மருந்தில் நாலாம் நாள் காய்ச்சல் விட்டது. கால் இரண்டும் விட்டுப்போயின. இந்த நாட்டில் போலியோ சொட்டு மருந்து பரவலாகக் கொடுக்கத் தொடங்கியது 1972இல். அக்காவுக்கு அது எட்டு வருஷம் தாமதம். 2000இல் மலேசியாவில் போலியோ ஒழிந்துவிட்டது என்று அறிவித்தபோது அந்தச் செய்தியைப் பேப்பரில் படித்துக் காட்டினேன். "சரி, போய் மிஷினுக்கு எண்ணெய் போடு" என்றாள்.

காலால் மிதிக்கும் மிஷின் அவளுக்கு ஆகாது. அம்மா சீட்டுக் கட்டி வாங்கிக் கொடுத்தது கை மிஷின். வலது கையால் சக்கரத்தைச் சுற்றி, இடது கையால் துணியைத் தள்ள வேண்டும். லயத்து வீட்டில் மின்சாரம் சாயங்காலம்தான் வரும் என்பதால், விடியற்காலையில் ஆள்கணக்கெடுக்கும் பெரட்டு முடிந்து ஆட்கள் காட்டுக்குப் போனபின் அரை இருட்டில் உட்கார்ந்து தைப்பாள். ஊசி மழுங்கியதும், பாபின் நூல் தீரப்போவதும், எங்கோ ஓர் ஆணி தளர்ந்திருப்பதும் அவளுக்குக் கண்ணுக்கு முன்னால் காதுக்குத் தெரிந்துவிடும். பள்ளிக்கூடப் பையனான எனக்கு அது வித்தையாக இருந்தது. பெரியவனாகி மீட்டர் பிடித்ததும் அந்த வித்தையை மறந்துபோனேன்.

காலில் இரும்புச் சட்டமும் கக்கத்தில் ஊன்றுகோலுமாக நாற்பது வருஷம் நடந்தாள். நாற்பத்தைந்து வயதுக்குமேல் தோள் இரண்டும் விட்டுக் கொடுக்கத் தொடங்கின. போலியோவில் பிழைத்த நரம்புகள், செத்துப்போன நரம்புகளின் வேலையையும் சேர்த்து இழுத்துவிட்டுப் பிற்காலத்தில் களைத்துப்போகும் என்று பெரியாஸ்பத்திரியில் டாக்டர் விளக்கினார். "ஓவர்டைம் பாத்த நரம்பு" என்று அக்கா அதைச் சுருக்கிவிட்டாள்.

2008இல் மின்நாற்காலி வந்தது. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் கூட்டாளியின் முதலாளி வீட்டில், தாயார் காலமான பிறகு சும்மா கிடந்தது. வேனில் ஏற்றி காஸ்வேயைத் தாண்டிக் கொண்டுவந்தோம். வீட்டு வாசலில் இறக்கி வைத்ததும் வழக்கப்படி நான் முதலில் அடிப்பக்கம் குனிந்தேன். அக்கா முதலில் ஏறி உட்கார்ந்தாள்.

இந்த நாற்காலிக்கு ஸ்டியரிங் கிடையாது. இரண்டு மோட்டார், ஆளுக்கொரு பின்சக்கரம். இரண்டும் ஒரே வேகத்தில் சுற்றினால் நேரே போகும். ஒன்று தளர்ந்தால் தளர்ந்த பக்கம் திரும்பும். கைப்பிடிக் குச்சியை விரலால் தள்ளி இரண்டையும் ஆட்டுவிக்கும் இந்த ஏற்பாட்டை 1950களின் தொடக்கத்தில் கனடாவில் ஜார்ஜ் கிளைன் என்ற பொறியாளர், இரண்டாம் உலகப் போரில் கழுத்துக்குக் கீழ் செயலிழந்து திரும்பிய சிப்பாய்களுக்காகச் செய்தார் என்று பின்னால் படித்தேன். பிரேக்கும் விசித்திரம். மோட்டார் சைக்கிளில் நாம் பிடித்தால்தான் பிரேக். இதில் மின்சாரம் இல்லாதவரை பிரேக் தானே பிடித்திருக்கும். குச்சியைத் தள்ளியதும் மின்காந்தம் இழுத்து 'டக்' என்று விடுவிக்கும். இரண்டு மோட்டார், இரண்டு டக். நல்ல நாற்காலியில் இரண்டும் ஒன்றாகவே கேட்கும்.

முதல் ஜோடி பாட்டரி எட்டு மாதத்தில் செத்தது. அந்தக் குற்றம் அக்காவுடையது. கைபேசி மாதிரி, சிவப்பு விளக்கு வந்த பிறகு சார்ஜ் போட்டால் போதும் என்று நினைத்திருந்தாள். கரண்ட் பில் பயம் வேறு. ஈய அமிலப் பாட்டரியை இறங்கிய நிலையில் போட்டுவைத்தால் தகடுகளில் சல்ஃபேட் படிந்து கெட்டியாகிவிடும். பிறகு எத்தனை மணி நேரம் சார்ஜ் போட்டாலும் வயிறு நிறையாது. நம் ஊர் வெக்கை அதற்கு இன்னொரு எமன். கொஞ்சம் ஓடியிருந்தாலும் அன்றன்றைக்கு ராத்திரி முழுக்கச் சார்ஜில் கிடக்க வேண்டும். அடியோடு இறங்கிய ஜோடியை நிரப்ப ஏறக்குறைய ஒரு யூனிட் மின்சாரம் ஆகும். முதல் 200 யூனிட்டுக்கு அப்போது யூனிட் 21.8 காசு. நான் பில்லின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுக் காட்டினேன். "இருபத்திரண்டு காசா? இத முன்னமே சொல்றதுக்கு என்ன?" என்று என்னையே திட்டினாள். அன்றிலிருந்து படுக்கப் போகுமுன் சாமி விளக்கை அணைப்பது, சார்ஜரைக் குத்துவது இரண்டும் ஒரு வரிசையில் வந்துவிட்டன.

வேலை நேரத்தில் போன் வரும். "தம்பி, நகர மாட்டேங்குது." ஒரு நாள் பார்த்தால் சார்ஜர் வயர் குச்சிப் பெட்டியின் அடியில் குத்தியபடியே தொங்கும், அது குத்தியிருக்கும்வரை வண்டி நகராது, சுவரோடு இழுத்துக்கொண்டு போகாமலிருக்க அப்படி வைத்திருக்கிறார்கள். இன்னொரு நாள் மடியில் வைத்த துணிக் கட்டு குச்சியில் சாய்ந்திருக்கும். குச்சி நடுவில் நிற்காதபோது சுவிட்சைப் போட்டால் நாற்காலி பயந்து அசையாமல் நின்றுகொள்ளும். துணியை எடுத்து, அணைத்துப் போட்டால் சரி. இதற்கெல்லாம் பாசிர் கூடாங்கிலிருந்து மோட்டார் சைக்கிளில் பறந்து வந்திருக்கிறேன். அக்கா தேத்தண்ணி போட்டுக் கொடுப்பாள். அதற்காகவே சில நாள் கூப்பிட்டாளோ என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம்.

இனி 2009.

ஆவணி மாதம் முடியப்போகும் சமயம். நாற்காலி ஓடிக்கொண்டிருக்கும்போதே சட்டென்று நிற்கும். விளக்கு இரண்டு தரம் மினுக்கும், கொஞ்சம் இடைவெளி விடும், மறுபடி இரண்டு. அணைத்துப் போட்டால் ஒன்றுமே நடக்காதது மாதிரி ஓடும். மினுக்கு எண்ணிக்கைதான் நாற்காலி பேசும் மொழி. எத்தனை தரம் என்று எண்ணினால் எங்கே நோவு என்று தெரியும். நாற்காலியோடு புத்தகம் எதுவும் வரவில்லை. தொழிற்சாலைக் கூட்டாளி ஒருவர் எங்கிருந்தோ ஓர் அட்டவணையை அச்செடுத்துக் கொடுத்தார். இரண்டு மினுக்கு: பாட்டரி.

"எனக்கு என்னமோ இடது பக்கம் முனகுதுடா," என்றாள் அக்கா. "நேரா போகணும்னா குச்சிய வலது பக்கமா கொஞ்சம் புடிச்சுக்க வேண்டியிருக்கு."

நான் மீட்டரை வைத்தேன். 25.2 வோல்ட். இரண்டு பன்னிரண்டு வோல்ட் பாட்டரி தொடராக இருக்கும்போது அது நல்ல எண்தான். ஆனால் சும்மா நிற்கும்போது நல்ல வோல்ட் காட்டும் பாட்டரி சுமை ஏறினால் சரியும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தவன் என்ன செய்ய வேண்டும்? அக்காவை உட்கார வைத்து, ஓட்டச் சொல்லி, ஓடும்போது அளக்க வேண்டும். நான் அளக்கவில்லை. அட்டவணை பாட்டரி என்றது, நானும் பாட்டரி என்றேன். இடது பக்க முனகலைப் பற்றி அட்டவணையில் எதுவும் இல்லை.

ஒவ்வொன்றும் பதினொரு கிலோ. ஐந்நூற்றுச் சொச்சம் வெள்ளி கொடுத்து இரண்டு புதுப் பாட்டரி வாங்கினேன். பழையதைக் கடைக்காரச் சீனக் கிழவர் இரும்பு விலைக்கு எடுத்துக்கொண்டார். கார் பாட்டரி பாதி விலைக்குக் கிடைக்கும், போட்டால் என்ன என்று அவர் கேட்டதற்கு மட்டும் சரியான பதில் சொன்னேன்: கார் பாட்டரி ஒரு நொடி பலம் காட்டி ஸ்டார்ட்டரைச் சுற்றிவிட்டு ஓய்ந்துகொள்ளும் ஜாதி, நாற்காலிக்கு நாள் முழுக்கச் சுமக்கும் ஜாதி வேண்டும். அன்றைக்கு நான் சரியாகச் சொன்னது அது ஒன்றுதான்.

மாற்றி வைத்ததும் நாற்காலி அருமையாக ஓடியது. மூன்று வாரம் ஒரு மினுக்கு இல்லை. முனகல் போய்விட்டதா என்று கேட்டேன். அக்கா தலையை ஒரு பக்கம் சாய்த்து யோசித்தாள். "கொறஞ்சிருக்கு," என்றாள். எனக்கு அது பாராட்டாகவே கேட்டது.

அந்த வருஷம் தீபாவளி அக்டோபர் 17. அதற்கு முந்தின வாரம், ஜாலான் உங்கு புவானில் தற்காலிகக் கடைகள் போட்டிருந்தார்கள். ஜரிகை பார்டர் வாங்க வேண்டும் என்று அக்கா கிளம்பினாள். வேன் அமர்த்தி, பலகை போட்டு ஏற்றி, இறக்கி, ராஜமாரியம்மன் கோயில் பக்கமாக நுழைந்தோம். அந்தப் பகுதியில் கடைகளின் முன்னால் ஐந்தடி நடைபாதை உண்டு. ஆனால் ஒவ்வொரு கடைக்காரரும் தாத்தா காலத்தில் தன் இஷ்டத்துக்குத் தரை உயர்த்தியிருப்பதால், ஒரு கடைக்கும் அடுத்த கடைக்கும் நடுவில் ஒரு படி. நாற்காலிக்கு அது ஆகாது. நடுச்சாலையில்தான் போக வேண்டும். கூட்டம், பலகார வாசனை, இரண்டு பக்கமும் ஒலிபெருக்கியில் வேறு வேறு பாட்டு. சாலையில் ஒரு சின்னக் குழியில் சக்கரம் இறங்கி ஏறியது. நாற்காலி நின்றது.

இரண்டு மினுக்கு.

அணைத்துப் போட்டேன். இரண்டு மினுக்கு. மறுபடி. இரண்டு மினுக்கு. பின்னால் ஒரு லாரி ஹார்ன் அடித்தது. பிரேக் பிடித்திருக்கும் நாற்காலியைத் தள்ள முடியாது. பின்னால் மோட்டாருக்கு ஒன்றாக இரண்டு நெம்புகோல் இருக்கும், அவற்றைத் திருப்பினால் மோட்டார் சக்கரத்தை விட்டுவிடும். அப்புறம் தள்ளலாம், ஆனால் பிரேக்கே இல்லை. லேசான சரிவு. முன்பின் தெரியாத இரண்டு மலாய்ப் பையன்கள் ஓடிவந்து முன்னால் நின்று தடுத்துப் பிடிக்க, நான் பின்னால் இழுத்துப் பிடிக்க, முறுக்கு விற்கும் கடை ஓரமாகக் கொண்டுபோய் நிறுத்தினோம்.

"நான் அப்பவே சொன்னேன்," என்றாள் அக்கா. கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

தரையில் மண்டியிட்டேன். இந்தத் தடவை மீட்டர் கையில் இல்லை. வேறு வழியில்லாமல் அவள் சொன்ன இடது பக்கத்துக்கே கையைக் கொண்டுபோனேன். பாட்டரிப் பெட்டிக்கு மேல், மோட்டார் வயர் கட்டுப்பாட்டுப் பெட்டியில் சேரும் இடத்தில் ஒரு பிளக். வலது பிளக் குளிர்ந்திருந்தது. இடது பிளக்கைத் தொட்டதும் விரலை இழுத்துக்கொண்டேன். முறுக்கு எண்ணெய் வாசனைக்கு நடுவே சுட்ட பிளாஸ்டிக் நெடி. பிடுங்கிப் பார்த்தால் ஒரு முள் கறுத்து, அதைச் சுற்றியிருந்த வெள்ளைப் பிளாஸ்டிக் பழுப்பேறி இளகியிருந்தது. உள்ளே முள்ளைக் கவ்விப் பிடிக்க வேண்டிய பித்தளைத் தகடு தளர்ந்து வாய் பிளந்து கிடந்தது.

கணக்கு எளிது. பிளக்கில் ஓர் ஓமில் பத்தில் ஒரு பங்கு தடை சேர்ந்தால் போதும்; மேடேறும்போது மோட்டார் இருபது ஆம்பியர் இழுத்தால் அந்த இடத்தில் மட்டும் 40 வாட் வெப்பம். நான் தொழிற்சாலையில் பிடித்த சால்டரிங் இரும்பின் சூடு அது. சூட்டில் தகடு இன்னும் தளரும். தளர்ந்தால் இன்னும் சூடு. அந்தப் பக்க மோட்டாருக்கு மின்சாரம் விட்டு விட்டு வரும். தளர்ந்த பக்கம் நாற்காலி திரும்பப் பார்க்கும். நேரே போக வேண்டுமென்றால் குச்சியை வலது பக்கமாகப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

அப்படியானால் பாட்டரி மாற்றியதும் மூன்று வாரம் எப்படி ஓடியது? பாட்டரியை வெளியே எடுக்க அந்தப் பிளக்கைப் பிடுங்கித்தான் ஆக வேண்டும். பிடுங்கினேன், திரும்பக் குத்தினேன். குத்தும்போது முள்ளில் படிந்த கரி கொஞ்சம் உரசிப் போயிருக்கிறது. ஐந்நூறு வெள்ளிக்கு நான் செய்த மராமத்து அவ்வளவுதான்.

"ஊசி இருக்கா?" என்றேன். தையல்காரியிடம் கேட்கும் கேள்வியா அது. கைப்பையிலிருந்து தடிமனான கோணி ஊசியும் சின்னக் கத்தரியும் வந்தன. கத்தரி முனையால் முள்ளைச் சுரண்டி, ஊசியால் தகட்டை உள்பக்கமாக நெம்பி வாயைச் சேர்த்தேன். குத்தினேன், இறுக்கமாக உட்கார்ந்தது. நெம்புகோலைத் திருப்பி, சுவிட்சைப் போட்டதும் அக்கா குச்சியைத் தள்ளிக் காதைக் கொடுத்தாள். டக். ஒரே டக். ஜரிகை பார்டர் வாங்கிக்கொண்டுதான் வீட்டுக்குத் திரும்பினோம்.

பிறகு அந்தப் பிளக்கை வெட்டி எறிந்துவிட்டு, இரண்டு பக்கமும் கனமான ஆண்டர்சன் பிளக் போட்டேன். ஈயம் ஊற்றவில்லை, அழுத்திக் கவ்வும் இடுக்கியால் கவ்வினேன். ஆடும் வண்டியில் ஈயப் பற்று, வயர் விறைக்கும் இடத்தில் முறியும். அட்டவணைச் சமாச்சாரமும் தெளிந்தது. அது வேறொரு கம்பெனியின் பெட்டிக்கானது. அந்தக் கம்பெனிக்கு இரண்டு மினுக்கு என்றால் பாட்டரி. அக்காவின் நாற்காலிப் பெட்டிக்கு இரண்டு மினுக்கு என்றால் இடது மோட்டாரின் தொடர்பு, நாலு என்றால் வலது. சரியான அட்டவணையை அவளிடம் காட்டினேன். படித்தாள். "நானும் இதத்தான சொன்னேன்?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

சீனக் கிழவர் கடைக்கு வேறு வேலையாகப் போனபோது, நான் இரும்பு விலைக்குக் கொடுத்த என் பழைய பாட்டரி இரண்டும் அங்கே ஓர் ஓரத்தில் கிடந்தன. கரண்ட் போனால் அவருக்கு விசிறியும் விளக்கும் அதில்தான். "இது நல்ல சாமான். நீ ஏன் போட்டே?" என்றார். நான் பேரிங் விலை விசாரித்துவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகு என் வழக்கம் மாறியது. நாற்காலியின் பின்பக்கத்தைக் கட்டை மேல் ஏற்றி சக்கரம் தரையில் படாமல் நிறுத்திவிட்டு, இடது வலது மோட்டார் பிளக்குகளை மாற்றிக் குத்திப் பார்ப்பேன். மினுக்கு இரண்டிலிருந்து நாலுக்குத் தாவினால் நோவு மோட்டாரில். தாவாமல் இரண்டிலேயே நின்றால் பெட்டியிலோ வயரிலோ. காசு செலவில்லாத சோதனை. ஆனால் அதற்கும் முன்னால், நாற்காலியைத் தொடுவதற்கு முன்னால், ஒரு குவளைத் தேத்தண்ணியோடு அக்கா எதிரில் உட்கார்ந்துவிடுவேன். எந்தப் பக்கம், எப்போதிலிருந்து, குளிர்ந்திருக்கும்போதா சூடேறிய பிறகா, மழைக்கு முன்னா பின்னா. அவளுக்கும் பேச இஷ்டம். நடுவில் ரவிக்கைக்காரிகளின் கதையும் வரும். அதில் எது நாற்காலிக் கதை, எது ரவிக்கைக் கதை என்று பிரிப்பதுதான் கொஞ்சம் சிரமம்.

மழையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜொகூர் பாருவில் மழை கேட்டுக்கொண்டு வராது. குச்சியின் அடியில் சுருக்குப் பை மாதிரி ஒரு ரப்பர் உறை உண்டு. அதில் விரல் நகம் அளவு கிழிசல் இருந்தால் போதும், தண்ணீர் உள்ளே இறங்கும். ஒருதரம் அப்படி இறங்கி ஏழு மினுக்கு வந்தது, குச்சியில் கோளாறு என்று அர்த்தம். நான் வேலை முடிந்து வருவதற்குள் பக்கத்து வீட்டு மாக்சிக் சொன்ன யோசனைப்படி குச்சிப் பெட்டியைக் கழற்றி அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்திருந்தார்கள். இணைப்பு ஓட்டைக்குள் போன அரிசிப் பருக்கையை எடுக்க ஒரு மணி நேரம். பெட்டியைத் திறந்து விசிறிக் காற்றில் இரண்டு நாள் வைத்ததில்தான் காய்ந்தது. இப்போது புது ரப்பர் உறை, அதற்கு மேல் மழைநாளில் ஒரு பிளாஸ்டிக் பையும் ரப்பர் வளையமும். பார்க்க அசிங்கமாக இருக்கும். அக்கா அதற்கும் பூப்போட்ட துணியில் ஓர் உறை தைத்துவிட்டாள்.

2020 மார்ச் 18, நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை. காஸ்வே ஓய்ந்தது, தினமும் விடியற்காலையில் மோட்டார் சைக்கிள்கள் எறும்புச் சாரையாகப் போகும் பாலத்தில் ஆள் இல்லை. அக்காவின் நாற்காலிக்கு உதிரிப்பாகம் அந்தப் பக்கமிருந்துதான் வர வேண்டும். அந்த நேரம் பார்த்து அவள் சொன்னாள்: "வலது பக்கம் கீச்சுனு ஒரு சத்தம். காலையில இல்ல, மத்தியானம் வருது."

இந்தத் தடவை அட்டவணையைத் தேடவில்லை. வலது மோட்டாரைக் கழற்றி, பக்கவாட்டு மூடியைத் திருகி எடுத்ததும் கரித்தூள் மாவாகக் கொட்டியது. சுற்றும் செம்பு வளையத்துக்கு மின்சாரம் கொண்டுபோகும் கரித்துண்டுகள் தேய்ந்து ஏழு மில்லிமீட்டருக்கு வந்திருந்தன. மினுக்கு எதுவும் வரவில்லை. இன்னும் ஒரு மாதம் போயிருந்தால் வந்திருக்கும், வளையத்தையும் கீறியிருக்கும்.

கரித்துண்டுக்கு எங்கே போவது? வீட்டில் இருந்த துளையிடும் மிஷினின் கரித்துண்டை எடுத்துத் தேய்த்துப் போடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அது 240 வோல்ட்டுக்கு உள்ளது, சுத்தக் கரி. 24 வோல்ட்டில் அவ்வளவு ஆம்பியரைத் தாங்காது, தானே சூடாகிவிடும். குறைந்த வோல்ட்டுக்குச் செம்புப் பொடி கலந்த கரி வேண்டும். 24 வோல்ட் வேறு எங்கே ஓடுகிறது? லாரியில். பத்து கிலோமீட்டருக்குள் இருந்த லாரி வயரிங் ஃபோர்மேன் ஒருவருக்குப் போன் செய்தேன். கடை மூடியிருந்தது; வீட்டிலிருந்த பழைய ஸ்டார்ட்டர் ஒன்றிலிருந்து நாலு துண்டுகளைக் கழற்றிப் பொட்டலம் கட்டி வெளிக்கதவில் தொங்கவிட்டார்.

அளவு பெரியது. மணல்தாளைக் கண்ணாடித் தகட்டின் மேல் விரித்து, துண்டை நெட்டுக்குத்தாகப் பிடித்துத் தேய்க்க வேண்டும்; கொஞ்சம் சாய்ந்தாலும் கூட்டுக்குள் சிக்கிக்கொள்ளும். இரண்டு நாள் தேய்த்தேன். அக்கா டேப்பை வைத்து அளந்து அளந்து பார்த்தாள், ரவிக்கைக் கைக்கு அளப்பது மாதிரி. கடைசியில் வளையத்தின் வளைவுக்குத் தகுந்தபடி முகத்தையும் தேய்த்தேன்: மணல்தாளை வளையத்தின் மேல் சுற்றி, கரித்துண்டை வைத்து, கையால் மெல்ல ஆட்டி. போட்டு ஓட்டியதில் கீச்சு நின்றது. லாரிக்கரி செம்பு அதிகம் உள்ளது, வளையத்தைச் சீக்கிரம் தின்னும் என்று தெரிந்தேதான் போட்டேன். எல்லை திறந்து சரியான கரித்துண்டு வந்தது 2022 ஏப்ரலுக்குப் பிறகு. அதுவரை ஓடியது. நிறைய ஓடவும் இல்லை; அந்த இரண்டு தீபாவளிக்கு யார் ரவிக்கை தைத்தார்கள்.

இப்போது நான் ஓய்வு பெற்றுவிட்டேன். அக்காவின் பெயர் எப்படியோ பரவி, நாற்காலிக்காரர்கள் போன் செய்கிறார்கள். என்னைக் கேட்பதில்லை, அவளைத்தான் கேட்கிறார்கள். அவளும் டாக்டர் மாதிரி, "போனைச் சக்கரத்துக்கிட்ட வச்சுட்டு ஓட்டிக் காட்டுங்க" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வாள்.

போன மாதம் ஸ்கூடாயிலிருந்து ஒரு பையன். அப்பாவின் நாற்காலி திரும்பும்போதெல்லாம் கரகரவென்று சத்தம் போடுகிறதாம். அக்கா கேட்டாள். இரண்டாம் தரமும் ஓட்டச் சொல்லிக் கேட்டாள்.

"நூல் சுத்தியிருக்குய்யா. முன்சக்கரத்துல. வீட்டுல பிளேடு இருக்கா?"

"எங்க வீட்டுல யாரும் தைக்கிறதில்லயே, அக்கா."

"முடியா இருக்கும். பாருங்க."

மறுநாள் அவனே கூப்பிட்டான். நூலும் இல்லை, முடியும் இல்லை. கால் வைக்கும் தகட்டின் ஆணி கழன்று, தகடு தொங்கிச் சக்கரத்தில் உரசியிருக்கிறது. முடுக்கியதும் சத்தம் போய்விட்டதாம். ரொம்ப நன்றி அக்கா என்றான்.

போனை வைத்துவிட்டு அக்கா மிஷின் பக்கம் திரும்பினாள்.

"இந்தப் போன்ல சத்தம் சரியா விழல," என்றாள்.